என் பெயர் இரண்டு விரல்

நடுவிரல் சுட்டுவிரல்மேல் ஏறிப் படுத்தால்
அது ‘ர’.
அந்த ‘ர’வை மோவாயில், என் தழும்பு இருக்கும் இடத்தில்
இரண்டு முறை தட்டினால்
அது நான்.
ரொசேர் என்பதெல்லாம் காகிதங்களுக்கு,
வங்கிக்கு, பனி வாரும் வண்டியின் காப்பீட்டுக்கு.
முப்பத்தொரு வருடமாக மார்யெல் என்னைக் கூப்பிடுவது
இரண்டு விரலால்.

டிசம்பர் பதினாறு, த்ருவா-ரிவியேர்,
மளிகைக்கடை வாசலில் வண்டிகள் நிற்கும் இடம்.
என் தம்பி ஃபெர்னானுக்குக் கொடுத்த
மூவாயிரம் டாலரைப் பற்றிய சண்டை.
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு
பெரிது பெரிதாகக் கைவீசிப் பேசினாள்;
காது கேளாதவர்கள் கத்துவது அப்படித்தான்.
நான் முதுகைக் காட்டினேன்.
கதவை அறைந்து சாத்த
எங்களுக்கு அதைவிடச் சத்தமான வழி கிடையாது.

பன்னிரண்டு அடி நடந்திருக்கிறேன்.
தடம் இருந்தது, பிறகு போய் எண்ணினேன்.
தூவின பனிக்கு அடியில் கண்ணாடிபோல் உறைநீர்.
அந்தப் பன்னிரண்டு அடியும் அவள் கீழே கிடந்தாள்.
அலறினாளாம்.
கடைப் பையன் என்னைத் தாண்டி ஓடியபோதுதான்
திரும்பிப் பார்த்தேன்.

முழங்கையின் உட்பக்கக் குமிழ் உடைந்து
துண்டொன்று மூட்டுக்குள் நழுவியிருந்தது.
குமிழுக்குப் பின்னால் ஒரு பள்ளம்.
தோலுக்கு இத்தனை பக்கத்தில், அந்தப் பள்ளத்தில்
நரம்பை எவன் கொண்டுபோய் வைத்தான்?
மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால்
சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடுமே,
எதிரில் இருப்பவர் சிரிப்பாரே,
அதே நரம்பு.
அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர்.
மொழிபெயர்த்த பெண் ‘நசுங்கியிருக்கிறது’ என்று காட்டியது
நாங்கள் உருளைக்கிழங்குக்குக் காட்டுவதைத்தான்.

ஆறாவது வாரம்
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
ஒரு தாளைப் பிடிக்கச் சொன்னார். இழுத்தார்.
கட்டைவிரல் மடங்கிக் கெஞ்சியது. தாள் போய்விட்டது.
அது எங்கள் வண்டிக் கட்டணச் சீட்டு.
தன் பையில் போட்டுக்கொண்டார்.
திருப்பிக் கேட்க
எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.

நரம்பு வளருமாம், நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
ஒருவேளை, என்றும் சொன்னார்.
அவள் தூங்கும்போது நாடா வைத்து அளந்தேன்,
முழங்கையிலிருந்து விரலிடுக்குவரை:
முந்நூற்றுப் பத்து.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கியாகிவிட்டன.
மார்ச்சில் ஒருநாள் வாணலியில் ஒட்டிக்கொண்டு
சுண்டுவிரல் பொசுங்கியது;
நாற்றம் முதலில் வந்தது எனக்கு.
நடுவிரல் சுட்டுவிரல் பக்கம் சாய மறுக்கிறது.
காப்பியை, உப்பை, ஜன்னலைச் சாத்தச் சொல்வதை
இடக்கையால் கேட்பாள்.
என்னை மட்டும் இடக்கையால் கூப்பிடுவதில்லை.
வலக்கையை உயர்த்துவாள்,
இரண்டு விரலும் நெட்டுக்குத்தாக,
நடுவே வெளிச்சம் தெரிய.
அது ‘ர’ இல்லை. ‘வ’.
மோவாயில் இரண்டு தட்டு.
யாரவன்? விக்தோரா, வலேரா?
வ-வில் தொடங்குகிற ஒருவன்
அவளுக்கு வாய்த்திருக்கலாம்,
முதுகைக் காட்டாதவன்.

நேற்று ராத்திரி, இருநூற்று நாற்பதாவது மில்லிமீட்டரில்,
சமையலறை விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது.
கூப்பிடுகிறாள். திரும்பினேன்.
இடக்கையால் வலக்கையின் நடுவிரலைப் பிடித்து,
அடம்பிடிக்கும் பிள்ளைக்குச் சட்டை மாட்டுவதுபோல இழுத்து,
சுட்டுவிரல்மேல் ஏற்றி,
பிடித்த பிடி விடாமல்
மோவாயில் வைத்துத் தட்டினாள்.
இரண்டு முறை.

பிறகு விரல்களை விட்டாள்.
அவை பழையபடி பிரிந்துகொண்டன.
அந்தக் கொக்கிகளோடேயே
எழுத்தெழுத்தாக, திக்கித் திக்கி:
அந்த மூவாயிரம்.
உன் தம்பி இன்னும் தரவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு
அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தேன்.